ஒரு வீட்டுக்கு இரண்டு எழுத்து

கடலில் கால் நனைத்தால் பொலிஸ் பிடித்துக்கொண்டு போகும் என்று மகள் தொலைபேசியில் சொன்னபோது நான் நம்பவில்லை. வயிற்றில் பிள்ளையோடு வெயிலில் நின்றுவிட்டு ஏதோ உளறுகிறாள் என்றுதான் நினைத்தேன். அவள் இருந்த தீவில் எந்த ஜன்னலைத் திறந்தாலும் கடல். ஆனால் கரையில் இறங்கக் கூடாதாம். விமான நிலையத்தையும் துறைமுகத்தையும் ஒரே நாளில் மூடிவிட்டார்கள். வாரத்துக்கு ஒரு சாமான் கப்பல் மட்டும் வரும், அதில் வருகிறவர்களும் தரையில் கால் வைக்கக் கூடாது.

அது கரீபியன் கடலில் பிரித்தானியக் கொடியின் கீழ் கிடக்கிற ஒரு சின்னத் தீவு. மொன்றியலின் லாசால் பகுதியில் பிறந்து வளர்ந்த என் மகள் அங்கே ஒரு பள்ளிக்கூடத்தில் பிரெஞ்சு படிப்பித்தாள். மருமகன் ஹோட்டல்களில் ஏசி திருத்துகிறவர். இரண்டு வருடம் வெயில் காய்ந்துவிட்டு வருகிறோம் என்று போனவர்கள். நான் ஜூன் மாதம் பிள்ளைப்பேற்றுக்குப் போவதற்கு டிக்கெட் எடுத்து, பத்தியக் கறிக்குச் சரக்குத்தூள் இடித்து, பெட்டியில் கட்டியும் வைத்திருந்தேன். மார்ச் மாதத்தில் கொரோனா வந்து உலகம் பூட்டிக்கொண்டது.

இங்கே மொன்றியலில் நாங்கள் எல்லாம் சரிவரும் என்று வானவில் கீறி ஜன்னல்களில் ஒட்டிக்கொண்டிருந்தோம். நான் சமைத்துக் கொடுத்த கார்டெரியை, சின்னப் பிள்ளைகளின் காப்பகத்தை, பிள்ளைகள் இல்லாமல் மூடிவிட்டார்கள். மத்தியானம் ஒரு மணிக்குத் தொலைக்காட்சிக்கு முன்னால் குந்தினால், முதியோர் இல்லங்களில் கிழடுகள் கவனிப்பாரில்லாமல் செத்த கதைதான். ஒவ்வொரு நாளும் கேட்டும் எனக்கு அது பழகவில்லை. பணக்கார நாடு, படித்த நாடு என்று நம்பித்தானே வந்தோம். ஒரு வாய் தண்ணீர் கொடுக்க ஆளில்லாமல் மனிதர் சாவார்களா என்று நான் தொலைக்காட்சியைப் பார்த்துக் கத்துவேன், இவர், என் மனுசன், சத்தத்தைக் குறைப்பார். மகளாவது தப்பிவிட்டாள் என்பதுதான் எங்கள் இருவருக்கும் இருந்த ஒரே ஆறுதல். பிள்ளை நல்லபடியாகப் பிறக்க வேண்டும். வேறு ஒன்றும் நான் கேட்கவில்லை.

பிறகு தீவில் அந்த எழுத்துச் சட்டம் வந்தது. குடும்பப் பெயரின் முதல் எழுத்து ஏ முதல் கே வரை என்றால் திங்கள், புதன், வெள்ளி கடைக்குப் போகலாம். எல் முதல் இசட் வரை என்றால் செவ்வாய், வியாழன், சனி. ஞாயிற்றுக்கிழமை ஒருவரும் படி இறங்கக் கூடாது. வீட்டுக்கு ஒரு பெயர், ஒரு ஆள். ஒவ்வொரு வீட்டையும் இணையத்தில் பதிய வேண்டும்.

எங்களுக்கு ஏது குடும்பப் பெயர்? தகப்பனின் பெயரைப் பின்னால் போட்டுக்கொண்டு உலகம் சுற்றுகிற சனம் நாங்கள். மகளின் பெயருக்குப் பின்னால் என் மனுசனின் பெயர். மருமகனின் பெயருக்குப் பின்னால் அவருடைய தகப்பனின் பெயர். கியூபெக்கில் கல்யாணம் கட்டினாலும் பெண்ணின் பெயர் மாறாது. ஆகவே புருசன் பெண்சாதி இரண்டு பேருக்கும் இரண்டு எழுத்து, அவளுக்கு எஸ், அவருக்கு ஜி. வீடு மகளின் பெயரில் வாடகைக்கு எடுத்தது, அதனால் எஸ் என்றே பதிந்திருந்தார்கள்.

அவளுடைய நாளில் கடைக்குப் போனால் முட்டை இல்லை, பால் இல்லை, வெயிலில் நீண்ட வரிசை. அதைக் கேட்டதும் என் மூளை வேலை செய்யத் தொடங்கியது. அந்த வீட்டின் பின்பக்கத்தில் தனி வாசலோடு ஒரு அறை இருந்தது. மருமகன் அதில் தன் சாமான்களைப் போட்டு வைத்திருந்தார்.

"அந்த அறையை உன்ர மனுசன்ர பேரில பதி. பேந்து உங்களுக்குக் கிழமையில ஆறு நாளும் கடை" என்றேன்.

"அம்மா, அது பொய்."

"என்ன பொய்? பேர் வேறதானே? வாசலும் வேறதானே? நீ வயித்துப்பிள்ளைக்காரி, பட்டினி கிடக்கப் போறியோ?"

நான் அவளிடம் இரண்டு பேரின் விபரங்களையும் கேட்டு வாங்கி, லாசாலில் இருந்துகொண்டே அந்தப் படிவத்தை நிரப்பி அனுப்பினேன். இரண்டு நாளில் அனுமதி வந்துவிட்டது. எனக்குத் தலைகால் புரியாத சந்தோசம். கண்டவர்களுக்கெல்லாம் தொலைபேசி எடுத்து, வெள்ளைக்காரனுக்கே எங்கள் பெயர் முறை தண்ணி காட்டிவிட்டது என்று சொல்லிச் சிரித்தேன். இவர் மட்டும், "உனக்கு ஏன் இந்தத் தேவையில்லாத வேலை?" என்று கேட்டார். உங்களுக்கு எப்போதும் பயம்தான் என்று வாயை அடைத்தேன்.

ஐந்து கிழமை முட்டையும் பாலும் குறைவில்லாமல் கிடைத்தன.

மே மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, நான் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்தபோது மருமகன் அழைத்தார். அவர் என்னோடு அதிகம் கதைக்கிற ஆள் இல்லை.

"மாமி, நான் பொலிசில நிக்கிறன். நான் அவளின்ர புருசன் எண்டு ஆராவது இவைக்குச் சொல்லுங்கோ."

அவர் சொன்னதை நான் துண்டு துண்டாகத்தான் பொறுக்கி எடுத்தேன். விடியும்போது மகளுக்கு நாளுக்கு முன்னமே வலி வந்துவிட்டது. அம்புலன்ஸ் வந்தது. கூடப் போக ஒரே வீட்டு ஆள் ஒருவருக்கு மட்டும் அனுமதி. வந்தவர்கள் பட்டியலைப் பார்த்தார்கள். மகள் அந்த வீட்டில் தனியாக இருக்கிறாள் என்று அதில் இருந்தது. மருமகன் வேறு வீடு. கதவைச் சாத்திக்கொண்டு போய்விட்டார்கள். மருமகன் தன் காரில் பின்னால் ஓட, சந்தியில் பொலிஸ் மறித்தது. செவ்வாய்க்கிழமை அவருடைய எழுத்துக்கு உரிய நாளும் இல்லை.

மரியாதையாகத்தான் பேசினார்களாம். வேறு வீட்டுப் பெண்ணை மனைவி என்கிறாரே, இவர் யார் என்று அவர்களுக்குச் சந்தேகம். கல்யாணப் பத்திரத்தைக் காட்டச் சொன்னார்கள். அது இங்கே, எங்கள் அலுமாரியில், என் சேலைகளுக்கு அடியில் பத்திரமாக இருந்தது.

நான் சேலை முழுவதையும் நிலத்தில் கொட்டி அதைத் தேடி எடுத்தேன். இவர் படம் பிடித்து அனுப்பினார். முதல் படம் தெளிவில்லாமல் போக, இரண்டாவதும் அனுப்பினார். சற்று நேரத்தில் மருமகன் திரும்ப அழைத்தார்.

"மாமி, இது பிரெஞ்சில கிடக்குது. இஞ்ச ஆருக்கும் வாசிக்கத் தெரியாதாம். பிரெஞ்சு தெரிஞ்ச ஆளைக் கூப்பிடுவம் எண்டு பள்ளிக்கூடத்துக்குப் போன் எடுத்தவை. பள்ளிக்கூடம் அவளின்ர பேரைத்தான் குடுத்திருக்குது."

சொல்லிவிட்டு அந்த மனிதர் அழுதார். கல்யாணமான நாளில் இருந்து அவர் அழுது நான் கேட்டதில்லை. நான் சேலைகளுக்கு நடுவில் அப்படியே இருந்துவிட்டேன். தொலைபேசியை இவர்தான் என் கையில் இருந்து வாங்கினார். தனக்குத் தெரிந்த இங்கிலீசில் அந்தப் பொலிஸ்காரரோடு கெஞ்சினார். அந்தப் பதிவை யார் செய்தது என்று அவர் கேட்டிருக்க வேண்டும், ஏனென்றால் இவர் என்னைப் பார்த்தார், பிறகு "மை மிஸ்டேக் சேர், மை மிஸ்டேக்" என்றார். முப்பத்தைந்து வருடம் நான் வாயால் வதைத்த மனுசன். எனக்கு அந்த இடத்திலேயே வெட்கத்தில் உயிர் போய்விடும் போல இருந்தது.

பின்னேரம் ஆனதும் மருமகனை விட்டார்கள், ஆனால் ஆஸ்பத்திரிக்கு விடவில்லை. பதிந்த வீட்டில் போய் இருக்கச் சொன்னார்கள். பதிந்த வீடு பின்பக்கத்து அறைதான். பொலிஸ் நிலையத்தில் கனபேரோடு நின்றதால் பதினான்கு நாள் வாசலைத் தாண்டக் கூடாது என்று கதவில் தாள் ஒட்டினார்கள். மகள் குழந்தையோடு வீட்டுக்கு வந்தபோது, அவர் சுவருக்கு அந்தப் பக்கத்தில் இருந்து அழுகைச் சத்தத்தை மட்டும் கேட்டார்.

அந்தத் தீவைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. இங்கே பிணம் விழுந்துகொண்டிருந்த நாட்களில் அங்கே நோயே இல்லாமல் போய்விட்டது, பிள்ளைகள் மறுபடியும் கடலில் குளித்தார்கள். எழுத்துக்குக் கட்டுப்பட்டு நடந்த சனம் தப்பிக்கொண்டது. அந்தச் சட்டத்தை ஏமாற்றிவிட்டோம் என்று சிரித்தது நான்தான்.

குழந்தை பிறந்து மூன்றாம் நாள்தான் மகள் என்னோடு கதைத்தாள். பெண் குழந்தை, சுகமாக இருந்தது. படத்தில் பார்த்தேன், மருமகனின் அதே நெற்றி. நான் அழுதுகொண்டே பால் குடிக்கிறாளா, காய்ச்சல் இருக்கிறதா என்று ஏதேதோ கேட்டேன். எல்லாவற்றுக்கும் பதில் சொன்னாள். கோபம் இல்லை. அதுதான் எனக்கு இன்னும் பயமாக இருந்தது.

"என்னை ஏசு பிள்ளை" என்றேன்.

"ஏசி என்னம்மா?" என்றாள். "வலி தாங்க ஏலாமல் நான் அவரின்ர பேரைச் சொல்லிச் சொல்லிக் கத்தினனான். நர்ஸ் நல்ல மனுசி. அந்தப் பேரைப் பட்டியலில தேடிப் பாத்திட்டு வந்து, என்ர தலையைத் தடவிக்கொண்டு சொன்னா, அவர் உங்கட பக்கத்து வீட்டுக்காரர், இப்ப அவரைக் கூப்பிட ஏலாது எண்டு."

குழந்தை சிணுங்கியது. அவள் தொலைபேசியைக் கீழே வைத்துவிட்டு அதைத் தூக்கப் போனாள். நான் காதில் இருந்து எடுக்கவில்லை. சுவருக்கு அந்தப் பக்கத்தில் இருந்து மருமகன் குழந்தையைக் கூப்பிடுகிற சத்தம் எனக்குக் கேட்டது.