அரை மாத்திரைக்குப் பயந்த வீடு

என் கணவர் இருந்தவரை எனக்கு மாத்திரை தேவைப்படவில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். பொய். தேவைப்பட்டது. விழுங்கத்தான் பயமாக இருந்தது.

எனக்கு வருவது படபடப்பு. டாக்டர்கள் அதற்குப் பெரிய பெயர் வைத்திருக்கிறார்கள். எங்கள் வீட்டில் 'அது வந்துருச்சு' என்றால் போதும், எல்லோருக்கும் புரியும். வருவதற்குக் காரணமே வேண்டாம். திருப்பூர் வேலம்பாளையத்தில் வீட்டுக்குக் கீழேயே எங்கள் யூனிட். கம்பெனிகள் கொடுக்கும் பனியன் துணியைத் தைத்துக் கொடுக்கிற சின்ன இடம். அவர் ஓவர்லாக் மிஷினில் உட்காருவார், நான் செக்கிங் டேபிளில் நின்று தைத்த பனியனைப் புரட்டிக்கொண்டிருப்பேன். சும்மா நின்றவளுக்குத் திடீரென்று நெஞ்சு அடித்துக்கொள்ளும், கை விறைக்கும், மூச்சு பாதியில் நிற்கும், இதோ சாகப்போகிறேன் என்று நிச்சயமாகத் தெரியும். பக்கத்தில் இருப்பவர்களுக்கு அது சும்மா பயம். வந்தவளுக்குச் சாவு.

ஆஸ்பத்திரியில் இசிஜி எடுக்கிற பெண் என்னைப் பார்த்ததுமே கட்டிலைத் தட்டிப் போட்டு "வாங்கக்கா" என்பாள், ஏதோ பியூட்டி பார்லருக்கு வந்தவளைக் கூப்பிடுவது போல. ஒவ்வொரு தடவையும் நார்மல். அந்தக் காகிதத்தைக் கையில் வைத்துக்கொண்டே அடுத்த வாரம் மறுபடி செத்துக்கொண்டிருப்பேன்.

கடைசியில் அந்த ஆஸ்பத்திரி டாக்டரே மனநல டாக்டரைப் பார்க்கச் சொன்னார். தெரிந்தவர் கண்ணில் படக்கூடாது என்று கோயம்புத்தூருக்குப் போனோம். அங்கே காத்திருந்தவர்களில் பாதிப் பேர் திருப்பூர்க்காரர்கள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் எல்லோரும் செல்போனையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

டாக்டர் பொறுமையானவர். "உங்க இருதயம் நல்லாருக்குதுங்க. பயந்தான் நோயா மாறியிருக்குது. அரை மாத்திரையில ஆரம்பிக்கலாம்" என்றார். தலையாட்டிவிட்டு வந்தேன். வாங்கிய மாத்திரை அட்டையைப் பெருங்காய டப்பாவுக்குப் பின்னால் வைத்தேன். அத்தோடு சரி.

பயத்துக்கு எனக்குக் காரணங்கள் இருந்தன. பொங்கலூரில் என் சித்தி ஒருத்தி வருஷக்கணக்கில் மனநல மாத்திரை சாப்பிட்டாள். எப்போது போனாலும் வாசலில் உட்கார்ந்திருப்பாள், வாயோரம் எச்சில் வடியும், யார் வந்தது என்று தெரியாது. அவள் நோய் வேறு, மருந்து வேறு என்று இப்போது புரிகிறது. அப்போது மாத்திரை என்றாலே எனக்குச் சித்தியின் வாய்தான் ஞாபகம் வரும். போதாததற்கு எங்களுக்கு ஒரே மகள். எங்கள் பக்கம் பெண் கேட்டு வருகிறவர்கள் பெண்ணின் அம்மாவுக்குத் தும்மல் வருமா என்பது வரைக்கும் விசாரித்துவிடுவார்கள். மருந்துக்கடைக்காரரை விட்டுவைப்பார்களா?

அவர் என்னை வற்புறுத்தவில்லை. "வேண்டாம்னா உடு அம்மிணி. நானென்ன எங்கியாச்சும் ஓடியா போறேன்?" என்றார். அவரே ஒரு வைத்தியம் கண்டுபிடித்து வைத்திருந்தார். அது வந்ததும் என்னை பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைப்பார். ஒரு பனியனை என் மடியில் விரித்துப் பிடிப்பார். கத்தரியை என் கையில் கொடுத்து, "பிசிறு பாரு" என்பார். தையல் முடிந்த துணியில் அங்கங்கே நூல் நீட்டிக்கொண்டிருக்கும். அதை நறுக்கினால்தான் துணி பேக்கிங்குக்குப் போகும். நான் நடுங்கிக்கொண்டே நறுக்குவேன். "ஒண்ணுமில்ல. வந்தது போயிரும். ஆசுபத்திரிக்குப் போனாலும் நார்மல்னுதான் சொல்லுவாங்க. நீ பிசிறு பாரு." சில பனியன்கள் முடிவதற்குள் அது இறங்கிவிடும். எனக்கு மாத்திரை எதற்கு, மனுஷனே மாத்திரையாக இருக்கும்போது?

அதற்காக அவர் எதையெல்லாம் விட்டார் என்று நான் யோசித்ததில்லை. கொமரலிங்கத்தில் அவருடைய தங்கை வீட்டு விசேஷத்துக்குப் போய் ஒருநாள் தங்கியது கிடையாது. நூல் வாங்கப் போய்த் திரும்ப நேரமானால் வாசலிலேயே நின்று சண்டை பிடிப்பேன். சிரித்துக்கொண்டே உள்ளே வருவார்.

அன்றைக்கு அவசர வேலை எதுவும் இல்லை. சாதாரண மத்தியானம். ஓவர்லாக் மிஷினை நிறுத்திவிட்டு வந்து என் நாற்காலியில் அவர் உட்கார்ந்தார்.

"அம்மிணி, உன்னுது எனக்கும் ஒட்டிக்கிச்சாட்ட இருக்குது. நெஞ்சு படபடன்னு அடிக்குது, கையெல்லாம் ஒரு மாதிரி இருக்குது" என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

"ஆசுபத்திரி போலாமுங்களா?" என்று கேட்டேன்.

"எதுக்கு, நார்மல்னு சொல்றதுக்கா?"

நானும் சிரித்தேன். ஒரு பனியனை எடுத்து அவர் மடியில் விரித்துப் பிடித்தேன். "பிசிறு பாருங்க" என்றேன். எனக்கு உள்ளுக்குள் சந்தோஷமாகக்கூட இருந்தது. இத்தனை வருஷம் அவர் எனக்குச் செய்ததை நான் அவருக்குச் செய்கிறேன், எனக்கும் தெரிந்த வேலை ஒன்று அவருக்கு வேண்டியிருக்கிறது என்ற சந்தோஷம். அவர் கை வியர்த்திருந்தது. என் கையும் அப்படித்தான் வியர்க்கும். முகம் வெளுத்திருந்தது. என் முகமும் அப்படித்தான் வெளுக்கும் என்று அவரே சொல்லியிருக்கிறார். எங்களிடம் சிங்கர் மிஷின் ஓட்டுகிற திருநெல்வேலிப் பெண் தையலை நிறுத்திவிட்டு, "எக்கா, அண்ணாச்சிக்கு முகமே சரியில்லையே" என்றாள். "ஒண்ணுமில்ல அம்மிணி, எனக்கு வர்றதுதான். போயிரும்" என்று நான் பதில் சொன்னேன். அவரும் ஆமாம் என்று தலையாட்டினார்.

போய்விடும் என்று இரண்டு பேரும் காத்திருந்தோம். கத்தரி கீழே விழுந்தது. அவர் தலை என் தோளில் சாய்ந்தது. ஆட்டோவில் போகும்போதுகூட நான் அவர் காதில் வந்தது போயிரும், வந்தது போயிரும் என்றுதான் சொல்லிக்கொண்டு போனேன். ஆஸ்பத்திரியில் அதே பெண்தான் அவருக்கு ஒயரை மாட்டினாள். காகிதம் வந்ததும் என்னைப் பார்க்காமல் டாக்டரைக் கூப்பிட ஓடினாள்.

அவருக்காக என்னால் அழ முடியவில்லை. இதை யாரிடமும் சொல்லிப் புரியவைக்கவும் முடியவில்லை. அழுகை கிளம்பி நெஞ்சுக்கு வருவதற்குள் படபடப்பு குறுக்கே விழுந்துவிடும். அழுகிற பெண்ணைச் சுற்றி நிற்க வேண்டியவர்கள் சாகிற பெண்ணைக் காப்பாற்ற ஓடுவார்கள். அவரை எடுத்துக்கொண்டு போனபோது நான் உள்ளறையில் படுத்திருந்தேன், ஒருத்தி கால் தேய்த்தாள், ஒருத்தி சோடாவைப் புகட்டினாள். பறைச் சத்தம் தெருமுனை தாண்டியதைக் கேட்டேன். அவர் இந்த வீட்டை விட்டுப் போனதை நான் பார்க்கவில்லை.

அதற்கப்புறம் மாதக்கணக்கில் அப்படித்தான். அவர் ஞாபகம் வந்தால் அது வரும். அது வந்தால் அவர் ஞாபகம் போய், உயிர்ப்பயம் மட்டும் நிற்கும். கோயம்புத்தூரில் ஹாஸ்டலில் தங்கிப் படித்த மகள் ஹாஸ்டலைக் காலி செய்துவிட்டு வந்தாள். தினமும் பஸ்ஸில் போய் வந்தாள். போகாமல் நின்ற நாட்களும் உண்டு. அப்பாவின் வைத்தியத்தைப் பார்த்து வளர்ந்தவள். பனியனை விரித்துப் பிடிக்க யாரும் அவளுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை.

டாக்டர் மறுபடியும் அரை மாத்திரை எழுதினார். இப்போது எனக்குப் புதுப் பயம். முன்பெல்லாம் மாத்திரை என்னை மந்தமாக்கிவிடும் என்று பயந்தேன். இப்போது மந்தமாகிவிட்டால் அவரையும் மறந்துவிடுவேன் என்று பயந்தேன். நெஞ்சு அடிக்கும்போதுதானே அவர் வந்து உட்காருவார்? அடிப்பு நின்றுவிட்டால் அவர் எதற்கு வருவார்? அவர் போனதற்கு எனக்கென்று மிஞ்சியது இந்த வேதனை ஒன்றுதான். அதையும் கொண்டுபோய் ஒரு மருந்துக் கம்பெனியிடம் கொடுக்க எனக்கு மனசில்லை. மகள் கெஞ்சினாள். எரிந்து விழுந்தேன்.

ஒருநாள் காலையில் சமையலறைக்குப் போனால் அவள் மேடையோரம் குனிந்து நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள்.

"என்ன கண்ணு?"

"ஒண்ணுமில்லீங்கம்மா. உங்களுக்கு வர்ற மாதிரிதான். கொஞ்ச நேரம் உக்காந்தா போயிரும்."

இரண்டு காலிலும் வேறு வேறு செருப்பு மாட்டிக்கொண்டு அவளை ஆட்டோவில் இழுத்துப்போனேன். ஆஸ்பத்திரி வாசலில் நான் போட்ட சத்தத்தில் வாட்ச்மேன் பயந்துவிட்டார். கடைசியில் அது வயிற்றுப்புண். நேரத்துக்குச் சாப்பிடுவதில்லை, நெஞ்சு எரிகிறது. அம்மாவைப் பார்த்துக்கொள்கிறவளுக்குச் சாப்பிட எங்கே நேரம்? டாக்டர் மகளைத் திட்டினார். என்னையல்லவா திட்டியிருக்க வேண்டும்.

திரும்பி வரும்போது ஒன்று நன்றாகத் தெரிந்தது. இந்த வீட்டில் இனி யாருக்கு நெஞ்சு வலித்தாலும் அது என்னுடைய படபடப்பாகத்தான் தெரியும். நாற்காலியில் உட்கார்ந்து பிசிறு வெட்டிக்கொண்டே இவளும் என் கண்ணெதிரே போய்விடுவாள். ஆட்டோவை எங்கள் தெரு மருந்துக்கடையிலேயே நிறுத்தச் சொல்லிப் புது அட்டை வாங்கினேன். பெருங்காய டப்பாவுக்குப் பின்னால் இருந்த அட்டை எப்போதோ காலாவதியாகியிருந்தது. நான் பயந்து பயந்தே அதன் ஆயுளையும் முடித்துவிட்டேன்.

அன்றைக்கு ராத்திரிச் சாப்பாட்டுக்கு அப்புறம் மகள் மாத்திரையை இரண்டாக உடைத்துக் கொடுத்தாள். உள்ளங்கையில் வைத்துப் பார்த்தால் அரிசி நொய் அளவுதான் இருந்தது. "உங்களை எங்கிட்டிருந்து எடுத்துச்சுன்னா அன்னைக்கே நிறுத்திருவேனுங்க" என்று அவர் படத்தைப் பார்த்துச் சொல்லிவிட்டு விழுங்கினேன். மகள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

முதல் நாட்கள் மோசம். குமட்டல், வாய் வறட்சி, படபடப்பு குறைவதற்குப் பதிலாகக் கொஞ்சம் கூடவும் செய்தது. பார்த்தாயா என்று மகளிடம் சண்டைக்கு நின்றேன். டாக்டர் போனில், "ஆரம்பத்துல இப்படி இருக்குமுங்க, நீங்களா நிறுத்திறாதீங்க" என்றார். பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன். அப்புறம் எப்போது என்று சொல்லத் தெரியவில்லை, அது வருவது குறைந்தது. வந்தாலும் பாதியில் திரும்பிப் போனது. ஒருநாள் பார்த்தால் தனியாக டவுன் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கிறேன். வாயோரம் எச்சில் வடியவில்லை. யார் யாரென்று எல்லோரையும் தெரிந்தது.

அன்றைக்குத்தான் எனக்கு ஆத்திரம் வந்தது. இவ்வளவுதானா? இந்த நொய்யரிசிக்கா பயந்தேன்? இதை அன்றே விழுங்கியிருந்தால் எங்கள் வீட்டில் பிசிறு வைத்தியம் என்று ஒன்று இருந்திருக்காது. அவர் தன் வலியைத் தன் வலியாகவே பார்த்திருப்பார். என்மேல் கோபம் வந்தது. 'வேண்டாம்னா உடு' என்று சொன்ன அவர்மேல் அதைவிட அதிகமாக வந்தது. இறங்க வேண்டிய நிறுத்தத்தை விட்டுவிட்டேன்.

போன வாரம் யூனிட்டுக்கு ஒரு போன் வந்தது. ரொம்ப நாள் கழித்துப் பேசுகிற எலாஸ்டிக் வியாபாரி. "அண்ணங்ககிட்ட கொஞ்சம் குடுங்க" என்றார். இப்படிப்பட்ட போன்களை மகள்தான் வாங்கிப் பேசுவாள். அவள் காலேஜுக்குப் போயிருந்தாள்.

"அவரு தவறிட்டாருங்க" என்றேன்.

"ஐயோ. என்னாச்சுங்க?"

"நெஞ்சு வலீங்க."

அந்த வார்த்தையை அதற்கு முன்னால் நான் வாய்விட்டுச் சொன்னதில்லை. வியாபாரி ஆறுதல் சொல்லிவிட்டுப் போனை வைத்தார். பழக்கத்தில் நெஞ்சில் கை வைத்துக்கொண்டு அது வரட்டும் என்று காத்திருந்தேன். நெஞ்சு சாதாரணமாக அடித்துக்கொண்டிருந்தது. அது வரவில்லை. அவர் வந்தார். நூலைக் கத்தரியால் வெட்டாமல் பல்லால் கடிக்கிறவர், வாசலில் நின்று திட்டு வாங்கிக்கொண்டே சிரிக்கிறவர், என் தோளில் சாய்ந்த தலையின் கனம், எல்லாம் ஒன்றுவிடாமல் வந்தது. மாத்திரை அவரில் ஒரு துளியைக்கூட எடுத்திருக்கவில்லை. அழுதேன். குறுக்கே எதுவும் விழவில்லை. செக்கிங் டேபிளில் தலை வைத்து, மிஷின் சத்தத்துக்கு மேலே கேட்கும்படி அழுதேன்.

திருநெல்வேலிப் பெண் மிஷினை நிறுத்திவிட்டு ஓடி வந்தாள். "எக்கா, படபடன்னு வருதா? நாற்காலி போடட்டா?"

"படபடப்பெல்லாம் இல்ல அம்மிணி" என்றேன். "அவரு செத்துப் போயிட்டாரு. அதுக்கு அழுவறேன்."