யாரோ பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்

லிஃப்ட் பழுது பார்க்கிறவரை அந்த அடுக்குமாடிகளில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. லிஃப்ட்காரர், அவ்வளவுதான். லிஃப்ட் ஓடிக்கொண்டிருக்கும்வரை இப்படி ஒரு மனிதர் இருப்பதே யாருக்கும் நினைவிருக்காது. நின்றுவிட்டால் மட்டும் அவர் பரம்பரையையே இழுத்துத் திட்டுவார்கள். உள்ளே மாட்டிக்கொண்டவர்கள் மணியை அமுக்கி, கதவை உதைத்து, தொண்டை கிழியக் கத்துவார்கள். அவர் மேலே மோட்டார் அறையில் பிரேக்கைத் தளர்த்தி, சக்கரத்தைக் கையால் சுற்றிக்கொண்டே, "கத்துங்க சார், நல்லா கத்துங்க" என்று சிரித்துக்கொள்வார். கத்துகிறவர்களைப் பற்றி அவருக்குக் கவலையே கிடையாது. சத்தமே வராத லிஃப்ட்தான் அவர் கையை வேர்க்க வைக்கும். பயந்தவன் மூலையில் உட்கார்ந்து மணியடிப்பான். 'அதான் நின்னுடுச்சே, இனி என்ன ஆகப் போகுது' என்று நம்புகிறவன்தான் கதவை நெம்பித் திறந்து காலை வெளியே விடுவான். அப்படி விட்ட ஒருவரை அவர் பார்த்திருக்கிறார். வீட்டில் அதைப் பேச மாட்டார். வேலைக்குப் புதிதாக வருகிறவர்களிடம் மட்டும் சொல்வார்.

வீட்டில் மனைவி, மனைவியின் தம்பி, அவர். பெற்றவர்கள் போன பிறகு தம்பியை இடுப்பில் தூக்கி வளர்த்தவள் அக்காதான். கல்யாணம் ஆனபோது சீர்வரிசையோடு சீராகத் தம்பியும் வந்து சேர்ந்தான் என்று லிஃப்ட்காரர் கேலி செய்வார். தம்பிக்குச் செல்போன் பழுது பார்க்கும் கடையில் வேலை. விளக்கை அணைத்தால் தூக்கம் வராது. கடையில் இது எப்படியோ தெரிந்துபோய், அவனுக்கு 'பல்பு' என்றே பெயராகிவிட்டது. சின்ன வயதில் எதையோ உடைத்துவிட்டு, அக்கா மேல் ஆணையாக நான் உடைக்கவில்லை என்று பொய்ச் சத்தியம் செய்தானாம். அதே வாரம் அக்கா காய்ச்சலில் விழுந்து, பிழைப்பாளா மாட்டாளா என்று ஆகிவிட்டது. அன்றிலிருந்து அந்த வீட்டில் அவள் பேரில் யாரும் சத்தியம் செய்வதில்லை. விளையாட்டுக்குக் கூட.

ஊரில் காட்டுக்கூட்டம் என்று ஒரு குழு உண்டு. வீட்டில் அதில் முதலில் சேர்ந்தது லிஃப்ட்காரர். நாள் முழுக்க இருட்டு லிஃப்ட் குழியிலேயே கிடக்கிறீர்களே, கொஞ்சம் வெளியே நடங்கள் என்று டாக்டர் சொன்னதைப் பிடித்துக்கொண்டு மனைவிதான் தள்ளிவிட்டாள். ஓய்வு நாட்களில் மலைக்காட்டுக்குப் போவார்கள். ஈர விறகில் தீ மூட்டுவது, ஓடைத் தண்ணீரைக் குடிக்கிற மாதிரி ஆக்குவது, தார்ப்பாயில் கூரை கட்டுவது, இதெல்லாம் கற்றுத் தருவார்கள். நடத்துகிறவர் டிரைவிங் ஸ்கூல் வைத்திருப்பவர். காட்டிலும் அவர் கால் சும்மா இராது. யாராவது வேகமாக நடந்தால் இல்லாத பிரேக்கை அமுக்கும்.

புதிதாக வருகிறவர்களுக்கு அங்கே ஒரு பரீட்சை உண்டு. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒவ்வொருவரையும் ஒவ்வொரு மரத்தடியில் உட்கார வைத்துவிட்டுப் போய்விடுவார்கள். கையில் விசில் மட்டும் இருக்கும். இருட்டும் முன் வந்து கூட்டிப் போவார்கள். அதற்குள் விசில் ஊதினால் பரீட்சையில் தோல்வி. உண்மையில் யாரையும் தனியாக விடுவதில்லை. பழைய ஆள் ஒருவர் புதருக்குப் பின்னால் ஒளிந்து கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருப்பார். தேறியவனிடம் மட்டும் அதைச் சொல்லி, வாயைத் திறக்கக் கூடாது என்று கைமேல் கை வைத்து வாக்கு வாங்குவார்கள். லிஃப்ட்காரரும் கை கொடுத்தவர்தான்.

பிறகு மைத்துனனும் வருகிறேன் என்றான். கடையில் கேலி தாங்கவில்லை. கிளம்பும்போது மனைவி வாசல்வரை வந்தாள்.

"ஏங்க, அவன் பயந்துக்குவான். அவனை விட்டுட்டு மட்டும் வந்துடாதீங்க."

"உன் தம்பியை நான் தின்னுடவா போறேன்? முழுசா கொண்டுவந்து ஒப்படைக்கிறேன், போ."

மலையில் சாப்பிட்டு முடித்தபோது மைத்துனனின் முகம் வெளுத்திருந்தது. தண்ணீர்ப் புட்டியை மூடத் தெரியாமல் மூடினான். லிஃப்ட்காரருக்கு மனசு கேட்கவில்லை. ஓரமாகக் கூட்டிப் போய்க் காதோடு சொன்னார்.

"மாப்ள, யார்கிட்டயும் சொல்லாதே. சும்மா பாவ்லா இது. ஒளிஞ்சிருந்து யாராவது பார்த்துக்கிட்டேதான் இருப்பாங்க. உனக்கு ஒண்ணும் ஆகாது."

"நெஜமா மாமா?"

"நான் உன்கிட்ட பொய் சொல்வேனா?"

அவன் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம் வந்தது. சிரித்துக்கொண்டே போனான். புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கெல்லாம் ஓதுகிற பாடம் அந்த நேரம் பார்த்து லிஃப்ட்காரருக்கு நினைவுக்கு வரவில்லை. பாசம் வந்தால் மனிதனுக்குப் புத்தி வேலை செய்யாது போலிருக்கிறது.

பொழுது சாயத் தொடங்கியபோது பனிமூட்டம் இறங்கியது. கூடாரத்துக்கு முன்னால் தேநீர் கொதித்துக்கொண்டிருந்தது. மற்ற புதியவர்கள் ஒவ்வொருவராகத் திரும்பியிருந்தார்கள். கூட்டத்தின் பழைய ஆள், மைத்துனனைக் கண்காணிக்கப் போன தையல்காரம்மா தனியாக ஓடிவந்தார். மூச்சு இரைத்தது.

"பையன் வந்தானா?"

"உங்ககூடல்ல இருக்கணும்?" என்றார் டிரைவிங் ஸ்கூல்காரர்.

"கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தான். அப்புறம் எழுந்து சுத்திமுத்தும் பார்த்துச் சிரிச்சான். யாருக்கோ கைய ஆட்டினான். அப்படியே நடக்க ஆரம்பிச்சுட்டான். நான் பின்னாடியே போனேன். பனி மூடிடுச்சு. விசில் ஊதினேன், பேர் சொல்லிக் கத்தினேன். பதிலே இல்ல."

எல்லாரும் விசிலை எடுத்தார்கள். மூன்று தடவை ஊதினால், கேட்டவன் மூன்று தடவை திருப்பி ஊத வேண்டும். அதுதான் முதலில் சொல்லிக்கொடுத்த பாடம். ஊதினார்கள். காது கொடுத்தார்கள். மரங்களிலிருந்து பனி சொட்டும் சத்தம்தான் கேட்டது. டிரைவிங் ஸ்கூல்காரரின் கால் மண்ணை அமுக்கிக்கொண்டே இருந்தது. "அந்தப் பக்கம் மழையில மண் சரிஞ்ச பள்ளம் இருக்கு. ஏன் ஊத மாட்டேங்கிறான்? பயந்தாங்கொள்ளிப் பையன்னு சொன்னீங்க?"

லிஃப்ட்காரர் விசிலை வாயிலிருந்து எடுத்தார். சத்தம் வராத லிஃப்ட். அந்த மௌனத்தின் காரணம் இந்தக் கூட்டத்தில் அவர் ஒருவருக்குத்தான் தெரியும்.

"அவன் பயப்படல," என்றார். "நான்தான் சொல்லிட்டேன். நீங்க ஒளிஞ்சு பார்ப்பீங்கன்னு. இப்பவும் யாரோ பார்த்துக்கிட்டு இருக்காங்கன்னு நெனைச்சுக்கிட்டிருக்கான். நாம ஊதுறதும் பரீட்சைதான்னு நெனைப்பான். ஊத மாட்டான்."

யாரும் அவரைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. தையல்காரம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டார். கயிற்றையும் டார்ச்சுகளையும் எடுத்துக்கொண்டு, ஒருவர் பையை ஒருவர் பிடித்தபடி பள்ளத்தின் பக்கம் நடந்தார்கள். கை நீட்டினால் கை தெரியவில்லை.

சரிவு தொடங்கும் இடத்தில் லிஃப்ட்காரர் நின்று கத்தினார். "மாப்ள! பரீட்சை முடிஞ்சுடுச்சுடா! விசில் ஊது!"

பிறகு பனிக்குள் எங்கிருந்தோ ஒரு சிரிப்பு. உற்சாகமான, வெகுளியான சிரிப்பு.

"நல்லா நடிக்கிறீங்க மாமா! நான் ஏமாற மாட்டேன்!"

சத்தம் நேர் எதிரே, பள்ளத்தின் பக்கத்திலிருந்து வந்தது. டிரைவிங் ஸ்கூல்காரர் லிஃப்ட்காரரின் தோளை இறுகப் பிடித்தார். "நகராம இருக்கச் சொல்லுங்க. ஒரு அடி எடுத்து வச்சா போச்சு."

"டேய், நகராதே! அங்கே யாரும் இல்லடா! யாருமே உன்னைப் பார்க்கல!"

"தெரியும் மாமா! அப்படித்தான் சொல்வீங்க!" ஒரு கல் உருண்டது. அது கீழே போய் விழும் சத்தத்துக்காக எல்லாரும் காத்திருந்தார்கள். வரவே இல்லை.

லிஃப்ட்காரருக்குப் புரிந்தது. என்ன சொன்னாலும் நடிப்பு என்றுதான் எடுத்துக்கொள்வான். பரீட்சைக்காக எவனும் சொல்லத் துணியாத ஒன்றைச் சொல்ல வேண்டும். வீட்டு வாசலில் நின்ற மனைவியின் முகம் கண்ணுக்குள் வந்தது. அந்த மனிதர் அழுகிறார் என்பதே பக்கத்திலிருந்தவர்களுக்கு அப்போதுதான் தெரிந்தது.

"மாப்ள, உன் அக்கா மேல சத்தியமா சொல்றேன்டா! அங்கே யாரும் இல்ல! உங்க அக்கா மேல சத்தியம்!"

சிரிப்பு நின்றது.

கற்கள் சரசரவென்று சரிந்தன. தையல்காரம்மா வாயைப் பொத்திக்கொண்டார். பிறகு விசில் கேட்டது. மூன்று தடவை இல்லை. விடாமல், மூச்சுத் திணறத் திணற, குழந்தை வீறிட்டு அழுவது போல ஊதினான். அவ்வளவு பயத்தையும் கேட்டபோதுதான் லிஃப்ட்காரருக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

விசில் வந்த திசையில் தவழ்ந்தே போனார்கள். சரிவின் விளிம்பில், கீழே மண் அரித்துப்போய் நாக்கு மாதிரி நீட்டிக்கொண்டிருந்த திட்டில் உட்கார்ந்து, ஒரு வேரைக் கட்டிப்பிடித்திருந்தான். பின்னால் ஆள் உயரத்தில் எரிந்துபோன மரம் ஒன்று கறுப்பாக நின்றது. கயிற்றை இடுப்பில் கட்டிக்கொண்டு லிஃப்ட்காரரே மார்பால் ஊர்ந்து போனார். அவன் இடுப்பிலும் கட்டி முடிச்சுப் போட்டார்.

"நெஜமாவே யாரும் இல்லையா மாமா?"

"நீ எழுந்து போனதுக்கு அப்புறம் யாருமே இல்லடா."

அவன் மெல்லத் திரும்பி அந்தக் கறுப்பு மரத்தைப் பார்த்தான். டார்ச் வெளிச்சத்தில் அது வெறும் மரமாகத்தான் நின்றது.

"அங்கே ஆள் நிக்கிறார், அவர்தான் என்னைப் பார்த்துக்கிட்டிருக்கார்னு நெனைச்சேன். அவருக்குக் காட்டணும்னு இந்த நுனியில ஒத்தக் கால்ல நின்னேன் மாமா. கண்ணைக்கூட மூடிக்கிட்டேன். விழுந்தா ஓடிவந்து பிடிச்சுப்பாருன்னு."

லிஃப்ட்காரர் அவன் இடுப்பில் ஏற்கனவே இறுக்கியிருந்த முடிச்சை மறுபடியும் இறுக்கினார்.