தோளைப் பார்த்துக்கொண்டே நின்றவர்

அந்தப் போலீஸ்காரம்மா என் கிளினிக்குக்கு வந்த முதல் நாள் எனக்கு ஒரு சல்யூட் அடித்துக் காட்டினார். மரியாதைக்கு அல்ல. “எப்பம்மா வலி வருது?” என்று நான் கேட்ட கேள்விக்கு அதுதான் பதில். காக்கிச் சட்டையின் கஞ்சி மடிப்பு கலையாமல் வலது கை விறைப்பாக மேலே எழும்பியது. விரல் நுனி புருவத்தைத் தொடுவதற்குள் தோளுக்குள்ளே ‘டொக்’கென்று ஒரு சத்தம். தோள் உருண்டை முன்பக்கம் நழுவி, சட்டைக்குள் யாரோ எலுமிச்சம்பழத்தை ஒளித்து வைத்ததுபோலப் புடைத்தது. நான் பதறிப்போய் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தேன். அவரோ இடது கையால் வலது முழங்கையைத் தாங்கிப் பிடித்து, லேசாக ஒரு திருப்புத் திருப்பினார். தோள் தன் இடத்துக்குப் போய் உட்கார்ந்துகொண்டது. “இதான் மேடம். இன்ஸ்பெக்டர் அம்மா ஜீப்பு சத்தம் கேட்டாலே பயமா இருக்குது. சல்யூட் அடிச்சே ஆவணும் இல்ல?” என்று சொல்லிவிட்டு அவரே சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

நான் பிசியோதெரபிஸ்ட். வேங்கிக்காலில், கலெக்டர் ஆபீஸ் சாலையிலிருந்து பிரியும் ஒரு தெருவில் என் கிளினிக். மற்ற நாட்களில் ஆபீஸ்காரர்களின் கழுத்து வலி, இடுப்பு வலி. பௌர்ணமிக்கு மறுநாள்தான் எனக்குத் திருவிழா. வருஷம் முழுக்க நாற்காலியை விட்டு அசையாதவர்கள், ஒரே மூச்சில் வெறுங்காலோடு அண்ணாமலையைச் சுற்றி முடித்துவிட்டு, “மேடம், முட்டி” என்று வரிசையில் வந்து உட்காருவார்கள். அவர்கள் எல்லோருக்கும் நான் சொல்வது ஏறக்குறைய ஒன்றுதான். இறுகிப் போனதை நீட்ட வேண்டும், மடக்க வேண்டும், தளர்த்த வேண்டும். இத்தனை வருஷமாக வாய் வலிக்கச் சொல்லி வந்த அந்தப் பாடத்தை இந்த ஒருவரிடம் மட்டும் தலைகீழாகச் சொல்ல வேண்டியிருந்தது.

அவர் ஊர் அடி அண்ணாமலைக்கு அந்தப் பக்கம். அப்பா அம்மா விவசாயம். கட்டை விரலைப் பின்னால் மடக்கி மணிக்கட்டைத் தொட்டுக் காட்டுவது சின்ன வயதில் அவருடைய தனி வித்தை. கல்யாண வீட்டில் சொந்தக்காரர்கள் கூப்பிட்டு வைத்துச் செய்யச் சொல்வார்களாம். போலீஸ் தேர்வில் ஓட்டம், தாண்டல் எல்லாவற்றிலும் சுலபமாகத் தேறினார். தோள் வலி தொடங்கியபோது செங்கம் ரோட்டில் ஒரு யோகா வகுப்புக்குப் போயிருக்கிறார். நம் ஊரில் வேறெதற்குப் பஞ்சம் வந்தாலும் யோகா வகுப்புக்குப் பஞ்சம் வராது. அங்கே இவரை முன்வரிசையில் உட்கார வைத்து, கையை முதுகுக்குப் பின்னால் எவ்வளவு தூரம் போகுமோ அவ்வளவு தூரம் கொண்டுபோகச் சொல்லி, வந்திருந்த வெளிநாட்டுக்காரர்களுக்குக் காட்டியிருக்கிறார்கள். எல்லோரும் கை தட்டினார்களாம். “வலிக்குதுன்னுதான் போனேன். கை தட்டுனதுல வலிய மறந்துட்டேன் மேடம்” என்றார். அதற்குப் பிறகுதான் தோள் அடிக்கடி நழுவ ஆரம்பித்தது.

சென்னையில் ஒரு டாக்டர்தான் விஷயத்தைச் சரியாகக் கண்டு சொன்னார். எலும்பை எலும்போடு சேர்த்துப் பிடிக்கும் நார்கள் இவருக்குப் பிறவியிலேயே தளர்ந்தவை. உடம்பின் இணைப்புத் திசுவில் உள்ள கோளாறு. மாத்திரையில் போகாது, ஆபரேஷனும் பெரிதாக உதவாது. மூட்டைச் சுற்றியிருக்கும் தசைகளைப் பழக்கித்தான் காலம் தள்ள வேண்டும். இத்தனை காலமும் ஊரே கை தட்டியது வரத்துக்கு அல்ல, வியாதிக்கு என்று தெரிந்தபோது அவருக்கு எப்படி இருந்ததென்று கேட்டேன். “கோவம்தான் வந்துச்சி மேடம். யார் மேலன்னுதான் தெரியல.”

அவர் என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்று. கார்த்திகை தீபத்துக்குள் தோளைச் சரிசெய்து தர வேண்டும். தீபத்தன்று கோயிலுக்குள் பெண்கள் கூட்டத்தைப் பிரித்து விட, பெண் போலீஸார் கையோடு கை கோத்து வரிசையாக நிற்பார்கள். பின்னாலிருந்து கூட்டம் நெருக்கும்போது அந்த வரிசைதான் மதில். ஒரு கை கழன்றால் மொத்தமும் கழன்றுவிடும். இவர் தன் தோள் விவகாரத்தை ஸ்டேஷனில் யாரிடமும் சொல்லியிருக்கவில்லை. சொன்னால் எழுத்து வேலைக்குத் தள்ளிவிடுவார்கள் என்று பயம். “நான் எங்க ஊர்லேருந்து போலீஸுக்குப் போன மொத பொண்ணு மேடம். தீபத்தன்னிக்கு எங்கம்மா கூட்டத்துல நின்னு என்னப் பாப்பாங்க. அந்த லைன்ல நான் இல்லன்னா சட்டையக் கழட்டிக் குடுத்துட்ட மாதிரி.” அதைச் சொன்னபோது மட்டும் அவர் சிரிக்கவில்லை.

முதல் வாரங்கள் எங்கள் இருவருக்குமே சோதனையாக இருந்தன. நான் கொடுத்த பயிற்சிகளைப் பார்த்து அவருக்கு ஏமாற்றம். எடை தூக்கச் சொல்வேன், தொங்கச் சொல்வேன் என்று எதிர்பார்த்து வந்தவரை, அக்குளில் சுருட்டிய துண்டை வைத்து, முழங்கையை விலாவோடு ஒட்டி, சுவரை மெல்ல அழுத்தச் சொன்னேன். கை அசையவே கூடாது. “இன்னா மேடம் இது, செவுரத் தள்ளச் சொல்றீங்க, ஆனா தள்ளக் கூடாதுன்றீங்க” என்று சலித்துக்கொண்டார். நான் பார்க்காத நேரத்தில் கூடுதலாகச் செய்துவிட்டு மறுநாள் தோள் நழுவி வந்து நின்றார். எனக்கு வாய் கொஞ்சம் நீளம், நன்றாகத் திட்டினேன். தளர்ந்த நார் வேலை செய்யாத இடத்தில் தசை அந்த வேலையை இழுத்துப் போட்டுக்கொண்டு செய்கிறது, அது களைத்தால் பிடியை விட்டுவிடும், அதனால் களைப்பதற்கு முன்பே நிறுத்த வேண்டும் என்று படம் வரைந்து விளக்கினேன். படத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தவர் தலையை ஆட்டினார்.

“கூட்டத்தத் தடுக்கக் கட்டற சவுக்குக் கட்டையில கயிறு தளந்துபோச்சி. கட்டை ஆடுது. அந்த எடத்துல ஆளு நிறுத்துறோம். அதான மேடம்?”

“அதேதான்.”

“அப்படின்னா அந்த ஆள மாத்திவிட ரிலீவர் வேணும். ரிலீவர் வராம நின்னா எவளா இருந்தாலும் அசந்துடுவா.” அன்றிலிருந்து அவர் ஒருமுறை கூட அளவுக்கு மீறவில்லை. செய்து முடித்ததும் தோளைத் தட்டி, “போய் டீ குடிச்சிட்டு வாங்க” என்று தன் தசைகளுக்கே உத்தரவு போடுவார். பக்கத்துக் கட்டிலில் கழுத்து வலியோடு படுத்திருக்கும் கிளார்க்குகளெல்லாம் சிரித்துவிடுவார்கள்.

முட்டியிலும் அதே கதைதான். அட்டென்ஷனில் நிற்கும்போது அவருடைய கால்கள் வில்லாகப் பின்னால் வளைந்துவிடும். மூட்டைப் பூட்டிக்கொண்டு, தசைக்கு லீவு விட்டு, நாரின் மேல் தொங்கிக்கொண்டு நிற்பது அது. முட்டியை ஒரு மயிரிழை தளர்த்தி நிற்கப் பழக்கினேன். எல்லாவற்றையும்விடச் சிரமமாக இருந்தது கண்ணை மூடிக்கொண்டு செய்யும் பயிற்சி. நமக்கெல்லாம் கண்ணை மூடினாலும் கை எங்கே இருக்கிறது என்று தெரியும். இவருக்கு அந்தத் தகவல் சரியாக வந்து சேர்வதில்லை. தோள் உயரத்துக்குத் தூக்கு என்றால் காதுக்கு மேலே தூக்கிவிட்டு, கண்ணைத் திறந்து கண்ணாடியில் பார்த்துத் திடுக்கிடுவார். சொந்தக் கையைக் கண்ணால் பார்த்துத்தான் கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது என்பது ஒருவரை எவ்வளவு தனியாக்கிவிடும் என்று அப்போது நினைத்துக்கொண்டேன். அதை அவரிடம் சொல்லவில்லை. “மறுபடி” என்று மட்டும் சொன்னேன்.

மழைக்காலம் தொடங்குவதற்குள் தோள் நழுவுவது வெகுவாகக் குறைந்துவிட்டது. சல்யூட்டையும் திருத்திக்கொண்டார். முழங்கையை முதலில் உடம்போடு வைத்து, தோள்பட்டையைப் பின்னால் அமர்த்தி, பிறகு கையை ஏற்றும் புது சல்யூட். பார்ப்பவர்களுக்கு வித்தியாசமே தெரியாது. தீபத்துக்கு முந்தைய பௌர்ணமி வந்தது. கோயிலின் அம்மணியம்மன் கோபுர வாசல் பக்கம் அவருக்குப் பந்தோபஸ்து. கை கோத்து நிற்கும் வரிசையிலேயே இடம். தீபத்துக்கு ஒத்திகை மாதிரி அது. மறுநாள் கிளினிக்கில் முட்டி வலிக்காரர்கள் நிரம்பியிருந்தபோதும் என் கண் வாசலிலேயே இருந்தது. பரீட்சை எழுதியது நான்தான் என்பதுபோல எனக்குப் படபடப்பு.

மதியத்துக்கு மேல் வந்தார். கூட்டம் கலையும் வரை ஓரமாக உட்கார்ந்திருந்தார்.

“நழுவிடுச்சா?” என்று கேட்டேன்.

“இல்ல மேடம். நல்லா நின்னுச்சி. எவ்ளோ தள்ளினாங்க தெரியுமா? அசையல.”

“அப்புறம் என்ன? மூஞ்சி ஏன் இப்படி இருக்கு?”

கையிலிருந்த தொப்பியைத் திருப்பிக்கொண்டே சொன்னார். “என் தோளப் பாத்துக்கிட்டே நின்னுட்டேன் மேடம். கூட்டத்தப் பாக்கல. முழங்கை ஒட்டியிருக்கா, தோள்பட்டை பின்னாடி இருக்கா, முட்டி பூட்டிக்கிச்சா, இதே நெனப்பு. எனக்கு நேரா ஒரு கொழந்த. அவங்கம்மா வரிசைல முன்னாடி போயிட்டாங்க, கையப் புடிச்சி இழுக்கறாங்க. கொழந்த நடுவுல மாட்டிக்கிச்சி, கத்துது. என் பக்கத்துல நின்னவதான் பாத்து, என் கைய விட்டுட்டுக் குனிஞ்சி தூக்குனா. அவ விட்டப்பறம்தான் எனக்குத் தெரிஞ்சிது. என் கண்ணு முன்னால மேடம்.”

குழந்தைக்குப் பெரிதாக ஒன்றும் ஆகவில்லை. இழுத்த இழுப்பில் முழங்கை கொஞ்சம் பிசகியிருந்ததை அங்கிருந்த மருத்துவ முகாமில் சரி செய்துவிட்டார்கள். ஆனால் அவர் தீபத்தன்று அந்த வரிசையில் நிற்கப் போவதில்லை என்று முடிவு செய்துவிட்டுத்தான் வந்திருந்தார். இன்ஸ்பெக்டரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிடப் போகிறாராம். எனக்குக் கோபம் வந்தது. மாதக்கணக்கில் பாடுபட்டு நிறுத்திய தோள். இன்னும் கொஞ்சம் பழகினால் தானாக வந்துவிடும், நினைத்துக்கொண்டே நிற்க வேண்டியதில்லை என்று வாதாடினேன். சிலருக்கு அப்படி வருவதும் உண்டு. நான் பொய் சொல்லவில்லை.

“வரட்டும் மேடம். வந்தப்பறம் நிக்கறேன். இப்ப வரல இல்ல?” என்றார். “நழுவினா எனக்கு வலி, அவ்ளோதான். பாக்காம நின்னா வேற யாருக்கோ.” தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு அழுதார். வலியில்கூட அவர் அழுது நான் பார்த்ததில்லை. எதிரில் உட்கார்ந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். எனக்கும் கண் கலங்கியது. இத்தனை வருஷத் தொழிலில் ஒரு மூட்டு நிற்கிறதா இல்லையா என்றுதான் பார்த்திருக்கிறேன். அது நிற்பதற்கு உள்ளே இருப்பவர் எவ்வளவு கவனத்தைச் செலவழிக்கிறார், அந்தக் கவனம் வேறு எதிலிருந்து எடுக்கப்படுகிறது என்று யோசித்ததே இல்லை.

இன்ஸ்பெக்டர் அம்மா முதலில் கத்தினாராம். இத்தனை மாதம் மறைத்ததற்கு. அதன் பிறகு உட்காரச் சொல்லி, டீ வரவழைத்து, தோளை எப்படிச் சரிசெய்கிறாய் என்று விவரமாகக் கேட்டாராம். எழுத்து வேலைக்கு அனுப்பவில்லை. காணாமல் போனவர்களுக்கான அறிவிப்பு மேடையில் மைக்கைக் கொடுத்து உட்கார வைத்துவிட்டார். அந்தத் தீபத்தன்று இவருடைய அம்மா வரிசையில் மகளைத் தேடிக்கொண்டு நின்றிருக்கிறார். தலைக்கு மேலே குரல் மட்டும் கேட்டதாம். “ஏன்டி, ஒன்னக் காணோம், ஒன் சத்தம் மட்டும் ஊரெல்லாம் கேக்குது” என்றாராம். அதில் பெருமை எவ்வளவு, ஏமாற்றம் எவ்வளவு என்று இவருக்குப் பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை. வரிசையில் நிற்காத வருத்தம் இன்றைக்கும் அவருக்கு இருக்கிறது. நான் அதை ஆற்றப் பார்த்ததில்லை.

இப்போது அவர் ஏட்டம்மா. தோள் குணமாகிவிடவில்லை, அது குணமாகும் ஜாதி அல்ல. மழை நாட்களில் வந்து சுவரைத் தள்ளாமல் தள்ளிவிட்டுப் போகிறார். பௌர்ணமிகளில் பெரும்பாலும் அவர் குரல்தான் ஒலிபெருக்கியில்.

போன பௌர்ணமிக்கு நானும் மலை சுற்றப் போயிருந்தேன். மற்றவர்களிடம் செய்யாதே என்று சொல்வதை நான் செய்யாமலா இருக்கிறேன்? சாயங்காலம், நிலா இன்னும் சரியாக மேலேறவில்லை, கூட்டம் அதற்குள் சேர்ந்துவிட்டது. எனக்கு முன்னால் ஒரு அப்பா, சின்னப் பெண்ணின் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டு வேகமாக நடந்துகொண்டிருந்தார். குழந்தையின் கால் தரையில் பாதி, காற்றில் பாதி. ஒலிபெருக்கி கரகரத்தது. பச்சைச் சட்டை போட்ட ஒரு பையன் மேடையில் இருப்பதாகவும், பெற்றோர் உடனே வர வேண்டும் என்றும் ஏட்டம்மாவின் குரல் அறிவித்தது. அது எழுதிக் கொடுத்த அறிவிப்பு. சற்று இடைவெளி விட்டு, யாரும் எழுதிக் கொடுக்காத ஒன்றை, வீட்டில் பேசுவதுபோலவே அவர் சொன்னார்.

“கூட்டத்துல கொழந்தைங்கள கையப் புடிச்சி இழுக்காதீங்க. தூக்கிக்குங்க. தூக்க முடியலன்னா கொஞ்சம் நில்லுங்க. மலை எங்கயும் போயிடாது.”

அந்த அப்பா நடையை நிறுத்தினார். தன் பிடியிலிருந்த சின்னக் கையைக் குனிந்து பார்த்தார். பிறகு அதை விட்டுவிட்டு, அக்குளில் கை கொடுத்துப் பெண்ணைத் தூக்கித் தோளில் சாய்த்துக்கொண்டார். பின்னாலிருந்து கூட்டம் நெருக்கிக்கொண்டு வந்தது. அவர் மெல்ல நடக்க ஆரம்பிக்கும் வரை நான் அவருக்குப் பின்னால், முட்டியைப் பூட்டாமல், நின்றுகொண்டிருந்தேன்.