சாய அண்டாவுக்குத் தம் போட்ட கதை

புதுச்சேரி என்றதும் எல்லோரும் கடற்கரைப் படத்தைத்தான் போடுகிறார்கள். நான் முதன்முதலில் அங்கே போனது ஒரு சாயப் புகாருக்காக. எண்பதுகளின் தொடக்கம், சித்திரை வெயில். சென்னையில் நான் வேலை பார்த்த சாயப்பொடி கம்பெனிக்கு, நூலில் சாயம் நிற்கவில்லை என்று அந்த ஊரில் எங்கள் பொடியை வாங்கிய காதர் பாய் எழுதியிருந்தார். தப்பு அவருடையதுதான் என்று எழுதி வாங்கி வரச்சொல்லி மேனேஜர் என்னை அனுப்பினார். நல்ல வேலைதான் போங்கள்.

அப்போது கிழக்குக் கடற்கரைச் சாலை கிடையாது. திண்டிவனம் வழியாக நூற்று அறுபது கிலோமீட்டர். காலை ஐந்தரை பஸ் பத்து மணிக்கு இறக்கிவிட்டது. அங்கிருந்து தட்டாஞ்சாவடி தொழிற்பேட்டைக்கு சைக்கிள் ரிக்‌ஷா, மூன்று ரூபாய். ரிக்‌ஷாக்காரர் வழியெல்லாம் வெயிலைத் திட்டிக்கொண்டே மிதித்தார். நானும் கூடச் சேர்ந்துகொண்டேன்.

காதர் பாய் மில்லில் தறி ஓட்டியவர். வேலை போனபின், மனைவி ஜைனபுவின் நகையை விற்று, வாடகைக் கொட்டகையில் சாயம் போட ஆரம்பித்திருந்தார். முதல் ஆர்டரில் பாதி நூல் ஏற்கெனவே பாழ். மீதியும் போனால் கடையைச் சாத்த வேண்டியதுதான்.

நான் நுழைந்தபோது, பெரிய அண்டாவின் மூடியைச் சுற்றி ஜைனபு மைதா மாவை அப்பிக்கொண்டிருந்தார். மூடிமேல் அம்மிக்கல். அடியில் விறகு தகதகவென்று எரிகிறது. என்ன பாய், பிரியாணியா என்று கேட்டேன்.

“சாயம் சார். பொடியோட வந்த உங்க பேப்பர்ல நூத்தி நாப்பது டிகிரின்னு போட்டிருக்கு. எவ்ளோ கொதிச்சாலும் நூறத் தாண்ட மாட்டேங்குது. தெர்மாமீட்டரக்கூட மாத்திப் பாத்துட்டோம். அதான் தம் போடுறோம்” என்றார் பாய்.

ஆவி போக வழியில்லாத அண்டா வெடித்துவிடும். விறகை இழுக்கச் சொல்லிக் கத்தி, இருவரையும் வெளியே தள்ளிக்கொண்டு வந்தேன். பின்னாலேயே மாவைப் பிய்த்துக்கொண்டு ஆவி சீறியது. அம்மிக்கல் உருண்டு தரையில் விழுந்தது. ஜைனபு நின்றிருந்த இடம் அது.

ஆவி அடங்கியபிறகுதான் விளக்கினேன். எங்கள் தாளில் இருந்தது ஃபாரன்ஹீட் கணக்கு. அவர்களுடைய தெர்மாமீட்டர் சென்டிகிரேடு. அதில் அறுபதுதான் வைக்க வேண்டும். தாளிலோ வெறும் டிகிரி. பிரெஞ்சுக்காரர் காலத்திலிருந்தே கிலோ, மீட்டர், சென்டிகிரேடு என்று பழகிய ஊர். டிகிரியில் இன்னொரு வகை உண்டு என்று அவர்களுக்கு யார் சொன்னார்கள்?

புதுத் தண்ணீரை அறுபதில் வைத்து மீதி நூலை முக்கினோம். சாயங்காலம் பாய் அதை அலசு அலசென்று அலசினார். தண்ணீர் கடைசியில் தெளிவாகவே ஓடியது. எனக்கு அழுகையே வந்துவிட்டது. தப்பு நம்முடையது, கெட்ட நூலுக்கு நாம்தான் ஈடு கட்ட வேண்டும் என்று நானே அறிக்கை எழுதினேன். மேனேஜர் முகம் போன போக்கைச் சொல்லவா வேண்டும்!

தொழிற்பேட்டைப் பக்கம் போகிறவர்கள் காலையிலேயே போய்விடுங்கள். மதியம் ஒதுங்க நிழல் கிடையாது. செய்முறை எழுதுகிறவர்களாக இருந்தால், எண்ணோடு அலகையும் எழுதுங்கள், எங்கும் ஒரே அலகாக எழுதுங்கள். படிக்கிறவருக்குத் தெரிந்திருக்கும் என்று விட்டுவிடாதீர்கள்.

நான் கிளம்பும்போது ஜைனபு வாசல்வரை வந்தார். திட்டுவார் என்று நினைத்தேன். திட்டவில்லை.

“நீங்க எழுதுறத நாங்க அப்பிடியே செய்வோம் சார். பாத்து எழுதுங்க” என்றார்.