இரண்டு பட்டன் மெயில்

1. வாபஸ்

"தயவுசெய்து என் கட்டுரையைத் திருப்பிக் கொடுங்கள். நான் ஏமாறத் தயாராக இல்லை."

ஒரு திங்கட்கிழமை காலை இப்படி ஆங்கிலத்தில் ஒரு மெயில் வந்தது. எழுதியவர் கஸ்தூரி, விலங்கியல் பேராசிரியை. கீழே கல்லூரி முகவரி. அதைப் பார்த்ததும் நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டேன். எங்கள் ஊர்க் கல்லூரி!

நான் வெளிநாட்டு ஆய்விதழ் ஒன்றுக்கு புரொடக்‌ஷன் பார்த்தவன். கட்டுரை அக்செப்ட் ஆனதும் எங்களிடம் வரும். காபி எடிட்டிங், டைப்செட்டிங், புரூஃப் முடித்து வெளியிடுவோம். கம்பெனி சென்னையில். கொரோனாவில் வீட்டுக்கு அனுப்பினார்கள், பிறகு கட்டடத்தையே காலி செய்துவிட்டார்கள். அதனால் பெரிய காஞ்சிபுரத்தில் ஒரு மாடி போர்ஷனில் உட்கார்ந்து வேலை செய்தேன். மனைவி இறந்துவிட்டாள், பிள்ளைகள் இல்லை. சாயங்காலம் கடைக்குப் போய் "ஒரு பால் பாக்கெட்" என்று கேட்பேன். பல நாள் அன்றைக்கு நான் வாய் திறந்து பேசிய முதல் வார்த்தை அதுவாகத்தான் இருக்கும்.

எங்கள் இதழ் ஹைப்ரிட். நூலகங்கள் சந்தா கட்டிப் படிக்கும் இதழ்தான். ஆனால் ஆத்தர், அதாவது கட்டுரை எழுதியவர், ஒரு கட்டணம் கட்டினால் அவர் கட்டுரையை மட்டும் உலகமே இலவசமாகப் படிக்கலாம், அது ஓப்பன் அக்செஸ். கட்டாவிட்டாலும் கட்டுரை வரும், சந்தாக்காரர்களுக்கு மட்டும். வாங்குகிறவரிடமும் விற்கிறவரிடமும் காசு வாங்கினால் இந்தப் பட்டு ஊரில் அதற்குத் தரகு என்று பெயர். எங்கள் தொழிலில் ஹைப்ரிட்.

அக்செப்ட் ஆன மறுநாள் ஆத்தருக்கு ஒரு டெம்ப்ளேட் மெயில் போகும், எல்லோருக்கும் ஒரே வாசகம். அதில் இரண்டு பட்டன். முதலில் ஓப்பன் அக்செஸ், பக்கத்திலேயே பெரிய எழுத்தில் கட்டணம். இரண்டாவது சந்தா வழி, அதற்குக் கட்டணம் இல்லை என்பது எங்கோ அடியில் பொடி எழுத்தில். கையெழுத்து இடத்தில் "புரொடக்‌ஷன் டீம்". ஆள் பெயர் கிடையாது.

நம் ஊர்க் கல்லூரிகளில் காசு கேட்கிற ஜர்னல் என்றாலே டுபாக்கூர் என்று ஒரு முடிவு உண்டு. சும்மா வந்த முடிவு இல்லை, அடிபட்டு வந்தது. கஸ்தூரி மேடம் முதல் பட்டனைப் பார்த்தார், பயந்தார், வாபஸ் எழுதிவிட்டார்.

மேனேஜர் ஃபெலிக்ஸுக்கு போன் போட்டேன். "ஆத்தருக்கு விளக்கமா ஒரு மெயில் எழுதட்டுமா?"

"வேணாம்பா. டெம்ப்ளேட்ல கை வைக்காத. வித்ட்ரான்னா வித்ட்ரா. குளோஸ் பண்ணு."

கட்டுரை தாமல் ஏரியைப் பற்றியது. வெளியூர் மீன் புகுந்த பிறகு நாட்டு மீன்கள் என்ன ஆயின என்று பல வருடம் பார்த்து எழுதியிருந்தார். வாபஸ் ஆனால் வேறு இதழ், மறுபடி ரெவ்யூ, மறுபடி காத்திருப்பு. அதற்குள் அவர் ரிட்டயர் ஆகிவிடலாம். எனக்கு மனசு கேட்கவில்லை. உண்மையைச் சொல்கிறேன், யாரையாவது போய்ப் பார்க்க ஒரு காரணம் கிடைத்ததே என்றும் இருந்தது.

2. நேரில்

மதிய இடைவேளையில் கல்லூரிக்குப் போனேன். கஸ்தூரி மேடம் டிபார்ட்மென்டில் தனியாக டிபன் பாக்ஸைத் திறந்துகொண்டிருந்தார்.

"மேடம், அந்த ஜர்னல் மெயில் அனுப்புனது நான்தான்."

மூடியைத் திரும்ப மூடினார். "மெயில்ல கேட்டது பத்தாதுன்னு நேர்லயே வந்துட்டீங்களா?"

"இல்ல மேடம், நான் புரொடக்‌ஷன்ல..."

"ஜர்னல் வெளிநாட்டு ஜர்னல். நீங்க எங்கருந்து வரீங்க?"

"பெரிய காஞ்சிபுரம்."

"கேக்கறதுக்கே நல்லா இருக்குதா சார்? எங்க டிபார்ட்மென்ட்ல ஒருத்தர் இப்படித்தான் காசு கட்டிட்டு இன்னும் அந்த ஜர்னலத் தேடிக்கினு இருக்காரு."

எனக்கே சிரிப்பு வந்தது. நானாக இருந்தாலும் என்னை நம்பியிருக்க மாட்டேன்.

"உங்க வாபஸை நான் இன்னும் குளோஸ் பண்ணல. எங்கிட்ட எதுவும் குடுக்காதீங்க மேடம். உங்க கம்ப்யூட்டர்ல நீங்களே லாகின் பண்ணுங்க, ரெண்டாவது பட்டனை அழுத்துங்க. ஒரு பைசா கேட்டாலும் என்னை போலீஸ்ல புடிச்சுக் குடுங்க."

கீபோர்டை என் கண்ணில் படாமல் திருப்பிவைத்து லாகின் செய்தார். பிறகு அழுத்தினார். கட்டணம் எதுவும் இல்லை, கட்டுரை தயாரிப்புக்குப் போகிறது என்று திரையில் வந்தது. இரண்டு முறை படித்தார்.

"அப்ப இதை யாரு படிப்பாங்க?"

"சந்தா கட்டுற லைப்ரரிக்காரங்க."

"எங்க காலேஜே கட்டலயே. தாமல்ல எனக்கு வலை போட்டவர் பொண்ணு எம்.எஸ்சி. படிக்குது. அது கூட படிக்க முடியாதா?"

அதற்கும் வழி இருந்தது, அதுவும் பொடி எழுத்தில்தான். அக்செப்ட் ஆன அன்று அவர் கையில் இருந்த வேர்ட் பிரதியை, இதழ் சொல்லும் காத்திருப்புக் காலம் முடிந்ததும் கல்லூரி இணையதளத்தில் போட்டுக்கொள்ளலாம். யாரும் படிக்கலாம், கட்டணம் இல்லை. அதைச் சொன்னேன். முதல் தடவையாகச் சிரித்தார்.

"சாப்ட்டீங்களா சார்?"

சாப்பிட்டேன் என்று பொய் சொல்லிவிட்டு வந்தேன். ஏன் சொன்னேன் என்று இன்னும் தெரியவில்லை.

வாபஸ் ரத்தானதைப் பார்த்து ஃபெலிக்ஸ் கூப்பிட்டான். நடந்ததைச் சொன்னேன். "ஆத்தர நேர்ல போயா பாத்த? க்ளையன்ட்டுக்குத் தெரிஞ்சா அவ்ளோதான்பா!" என்றான். க்ளையன்ட் என்றால் இதழை நடத்தும் வெளிநாட்டுப் பதிப்பகம். அவர்களுக்குத் தெரியவே இல்லை. நான் ஒருவன் இருப்பதே அவர்களுக்குத் தெரியாது.

3. எந்தப் பிரதி

அந்தக் கட்டுரைக்கு நான் உழைத்தது கொஞ்சமில்லை. அட்டவணைகளை நேராக்கினேன், மேற்கோள் பட்டியலை ஒழுங்கு செய்தேன், மங்கிய படங்களை மாற்றி வாங்கினேன். எல்லாம் மெயிலில், "புரொடக்‌ஷன் டீம்" என்ற பெயரில்.

பிறகு ரிட்டயர் ஆனேன். ஒருநாள் பொழுது போகாமல் அதைத் தேடினேன். இதழின் பக்கத்தில் பூட்டுப் படம் வந்தது. படிக்க வேண்டுமானால் காசு கட்டு என்றது. கம்பெனி லாகின் போனதோடு நான் செய்த வேலையெல்லாம் எனக்கே மூடிவிட்டது.

கல்லூரித் தளத்தில் கஸ்தூரி மேடத்தின் வேர்ட் பிரதி திறந்து கிடந்தது. கோணல் அட்டவணை, கலைந்த மேற்கோள்கள், மங்கிய படம். என் கை படாத பிரதி. தாமல் பெண் படிக்கப்போவதும் இதைத்தான். அந்த வழியைச் சொன்னவனும் நான்தான்.

எழுத்து எழுத்தாகக் கட்டுரைகளைச் சரிபார்த்தவன், ஒன்றையும் விஷயத்துக்காக முழுசாகப் படித்ததில்லை. அன்றைக்குக் கடைசிவரை படித்தேன். எல்லாம் புரிந்தது. என் வேலை ஒன்றுகூட இல்லாமலே புரிந்தது. சந்தோஷமாகவும் இருந்தது, ரொம்ப வலிக்கவும் செய்தது.

இந்த வேலைக்கு வருகிறவர்களிடம் சொல்ல எனக்கு இவ்வளவுதான் உண்டு. காசில்லாத வழியை முதல் வரியில் எழுதுங்கள். கீழே உங்கள் பெயரைப் போடுங்கள். கட்டுரையில் நாம் எங்கேயும் இருக்க மாட்டோம். மெயிலிலாவது ஓர் ஆள் இருக்கட்டும்.