என் கண்ணுக்குப் பயந்து வைத்த மை

என் செபத்துக்குக் கிடைத்த பதிலைச் சொல்வதென்றால் என் எரிச்சலை, பொறாமைக் குணத்தையும் சொல்லத்தான் வேண்டும். மறைத்துப் பட்டது போதும்.

லண்டனில், தோர்ண்டன் ஹீத்தில் ஒரு நர்சரியில் கைக்குழந்தைகளைப் பார்த்துவந்தேன். எங்களோடு தமிழ்ப் பூசைக்கு வரும் ரெஜினாவின் மகளும் அங்கேதான். எனக்குக் கலியாணமாகிப் பதினான்கு வருடம், பிள்ளை இல்லை. ஒருநாள் அந்தக் குஞ்சு மஞ்சள் சட்டையோடு என்னைப் பார்த்துச் சிரித்தது. என் வயிறு பற்றி எரிந்தது. ஐயோ, என் கண்ணே பட்டுவிடப் போகிறதே என்று பயந்து, கைப்பையில் இருந்த மையை எடுத்து அதன் குதிக்காலில் ஒரு பொட்டு வைத்தேன்.

மை கணுக்கால் வரை பரவிவிட்டது. கூட வேலை செய்த பெண் அதை அடிபட்டுக் கன்றிய கண்டல் காயம் என்று மேலாளருக்கு எழுதிக் கொடுக்க, விஷயம் பொலிஸுக்குப் போனது. பொலிஸ் கேட்டபோது மை என்று நான் சொல்லவில்லை. ஏன் வைத்தாய் என்று கேட்டால்? அது ரெஜினாவின் காதுக்குப் போனால்? "தெரியாது" என்றேன். காயம் எதுவும் இல்லாததால் வழக்கில்லாமல் விட்டார்கள்.

அடுத்த வருடம் ஒரு பள்ளிக்கூட வேலைக்கு விண்ணப்பித்தேன். பிள்ளைகளோடு வேலை செய்பவர்கள் எடுக்கவேண்டிய சான்றிதழில், நான் குழந்தையைக் காயப்படுத்தியதாகச் சந்தேகம் என்று பொலிஸ் எழுதியிருந்தது. வேலை கைநழுவிப் போனது. அந்த இடம் யாருக்குக் கிடைத்தது? ரெஜினாவுக்கு!

பிள்ளையும் அவளுக்கு, வேலையும் அவளுக்கு. செவ்வாய்தோறும் புனித அந்தோனியாருக்கு மெழுகுதிரி கொளுத்தி, "அவளுக்கும் இப்படி வரட்டும்" என்று கேட்டேன். வெட்கம்தான், ஆனால் அதுதான் என் செபம்.

ஒரு தமிழ் வழக்கறிஞரிடம் போனேன். பொலிஸ் அப்படி எழுதியது முறையா என்று பார்க்கும்படி உயர் நீதிமன்றத்தைக் கேட்கலாம் என்றார். "சான்றிதழில எழுதமுதல் உங்களை ஒரு வார்த்தை கேக்கேல்லைத்தானே. ஆனா பிள்ளையின்ர காலில இருந்த அந்த அடையாளம் என்னெண்டு நீங்கள் இனி உண்மையைச் சொல்லவேணும்" என்றார்.

அந்தச் செவ்வாய் என் செபம் மாறியது. "ஆண்டவரே, என்ர வாயைத் திறவும்" என்று மட்டும் அழுதேன். ஞாயிறு பூசை முடிய ரெஜினாவைப் பிடித்து, கண்ணை நிமிர்த்தாமல் எல்லாவற்றையும் கொட்டினேன். வாயில் வந்ததைச் சொல்லித் திட்டுவாள் என்றிருந்தேன்.

"அக்கா, மையெண்டு எனக்கு அண்டைக்கே தெரியும். குளிப்பாட்டேக்க கையில பிரண்டது. காயம் இருக்கோ எண்டு பொலிஸ் கேட்டினம், இல்லையெண்டன். உங்களிலதான் சந்தேகம் எண்டு ஒருத்தரும் சொல்லேல்லையே! அதை முதலே சொல்லியிருக்கலாமே, விசர் அக்கா."

அது காயமில்லை, மைதான் என்று அன்றே கடிதம் எழுதிக் கையெழுத்து வைத்தாள்.

என்னைக் கேளாமல் எழுதியது தவறு, மறுபடி தீர்மானியுங்கள் என்று நீதிமன்றம் பொலிஸுக்குச் சொன்னது. இந்த முறை கேட்டார்கள். சொன்னேன், அவள் கடிதத்தையும் கொடுத்தேன். புதுச் சான்றிதழில் பொலிஸ் எழுதும் பெட்டி வெறுமையாக இருந்தது. ஆண்டவருக்குத் தோத்திரம்! இப்போது ரெஜினாவும் நானும் ஒரே பள்ளிக்கூடத்தில் வேலை.

பொறாமை அடியோடு போய்விட்டதா? இல்லை. வந்தால் இப்போது வாய்விட்டுச் சொல்கிறேன், ஆண்டவரிடமும் அவளிடமும். நீங்களும் சொல்லுங்கள். எதை மறைக்கிறீர்களோ, அதை முதலில் அவர் பாதத்தில் வையுங்கள்.

ரெஜினாவுக்குப் போன மாதம் இரண்டாவது பிள்ளை பிறந்தது. பார்க்கப் போனேன். என் முகத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே மைச்சிமிழை நீட்டினாள்.

"இந்தாங்கோ அக்கா. இந்தமுறை கன்னத்திலயே வையுங்கோ."