அறுபதும் எழுபத்துநான்கும்

மடகொல்லத் தோட்டத்தில் மருந்து கலந்து கொடுக்கும் டிஸ்பென்சர் பரராசசிங்கத்தின் மனைவி சிவனேஸ்வரி பயந்த சுபாவமுள்ளவர். இதை நான் குறையாகச் சொல்லவில்லை. வீட்டுக்குப் புதிதாக யாராவது வந்தால் அவர் தாமே முதலில் சொல்லிவிடும் விஷயம் இது. இடிக்குப் பயம், அட்டைக்குப் பயம், ஆற்றைக் கடக்கும் மரப்பாலத்துக்குப் பயம். கலியாணமாகி யாழ்ப்பாணத்திலிருந்து தெஹியோவிட்டப் பக்கம் வந்த முதல் வருடம், றப்பர் விதைகள் வெடித்துத் தகரக் கூரையில் விழுந்த சத்தத்தை யாரோ கல்லெறிகிறார்கள் என்று எண்ணி, மருந்தறைக்குள் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு அரை நாள் இருந்தாராம். அவர் ஒரு பொய்யைச் சொல்லி, அதைச் சில மாதங்கள் சுமந்த கதை இது.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்திரண்டாம் ஆண்டு றப்பர் விலை விழுந்தது. தோட்டத்தில் பாதி மலையில் றப்பர்ப் பால் வெட்டுவதை நிறுத்திவிட்டார்கள். மரங்களில் பாலேந்தும் சிரட்டைகள் கவிழ்ந்து தொங்கின. சின்னத்துரைமார் இருவரும் வேலை போய்ச் சீமைக்குக் கப்பலேறினார்கள். அடுத்தடுத்துள்ள மூன்று தோட்டங்களுக்கு இனி ஒரே டிஸ்பென்சர் போதும் என்று கொழும்பிலிருந்து கடிதம் வந்தது. மூவரில் யார் என்பதைப் பெரியதுரை கிரெய்டன்தான் மாசி மாதத்துக்குள் எழுதி அனுப்ப வேண்டும். பரராசசிங்கத்துக்கு அப்போது இரண்டு சிறு பிள்ளைகள். ஊரில் அவருக்கு நிலமில்லை. வேறு வேலை எங்கும் இல்லை.

அந்த நேரம் பார்த்துத்தான் பெரியதுரையின் மனைவி, துரைசாணி, சிவனேஸ்வரிக்கு ஆள் அனுப்பினாள்.

ஆற்றோரத் தாழ்நிலத்தில் துரை ஒன்பது குழிகளுள்ள ஒரு கோல்ஃப் திடல் போட்டிருந்தார். குழி ஒவ்வொன்றும் புதைத்து வைத்த வெற்றுப் பால்மாத் தகர டப்பா. தொழிலாளர்கள் அந்த விளையாட்டைக் குழிப்பந்து என்பார்கள். பந்தைக் கோலால் அடித்துக் கொண்டுபோய்க் குழியில் விழுத்த வேண்டும். யாருக்கு அடிகள் குறைவோ அவரே வென்றவர். சின்னத்துரைமாரின் மனைவியர் போனபின் துரைசாணியோடு நடந்து அடிகளை எண்ண ஒருவரும் இல்லை. தோட்டத்தில் இங்கிலீஷ் படித்த பெண் சிவனேஸ்வரி ஒருவர்தான்.

“மிசஸ் சிங்கம், உங்கள் வேலை மிகச் சுலபம்,” என்று துரைசாணி இங்கிலீஷில் சொன்னாள். “நான் அடிப்பேன். நீங்கள் எண்ணி எழுதுங்கள்.”

கோல்களைச் சுமக்க, பால் வெட்டு நின்றதால் வேலையில்லாமல் இருந்த செவனம்மா வந்தாள். முதல் மூன்று குழிகள் அமைதியாகப் போயின. நான்காவதில் பந்து ஆளுயர மானாப்புல்லுக்குள் புகுந்தது. துரைசாணி வெட்டினாள், வெட்டினாள், பந்து அசையவில்லை. முகம் செம்பருத்தியாகச் சிவந்தது. கடைசியில் பந்து குழியில் விழுந்ததும், கோலைத் தரையில் எறிந்துவிட்டுத் திரும்பினாள்.

“எத்தனை?”

ஒன்பது. சிவனேஸ்வரி சரியாக எண்ணியிருந்தார். ஆனால் வீட்டுப் பிள்ளைகளின் முகம் கண்முன் வந்தது. பெரியவர்களின் பிழையை அவர்கள் முகத்துக்கு நேரே சொல்லக்கூடாது என்று வளர்ந்தவர் அவர். வாய் தானாக “ஏழு” என்றது.

“ஏழா? நான் இன்னும் கூட என்று நினைத்தேன்.” துரைசாணி குனிந்து கோலை எடுத்துக்கொண்டாள். சிரித்தாள்.

அந்தச் சிரிப்புத்தான் எல்லாவற்றையும் கெடுத்தது. மறுநாள் ஒரு குழியில் ஒன்று குறைந்தது, இன்னொன்றில் இரண்டு. எழுதும் தொகை நேற்றையதைவிட இன்று ஏறக்கூடாது. ஏறினால் துரைசாணியின் முகம் வாடும், வாடிய முகத்தோடு பங்களாவுக்குப் போவாள், அங்கே துரை இருப்பார். இப்படியே கார்த்திகை முடிவதற்குள், எழுபத்துநான்கு அடி அடிக்கிற துரைசாணி காகிதத்தில் அறுபது அடிக்கிறவளாகிவிட்டாள்.

செவனம்மா அதைக் கவனிக்காமல் இல்லை. பால் நிறுக்கும் கொட்டகையில் இருபது வருடம் நின்று இங்கிலீஷ் எண்களைக் காதால் படித்தவள் அவள்.

“ஏங்க டாக்டரம்மா, என் வெரலு எட்டுங்குது, உங்க பென்சிலு சிக்ஸுங்குது. எது பொய் சொல்லுதுங்க?”

“மெதுவாய்க் கதை, செவனம்மா. அவவுக்குக் கேட்கும்.”

“கேட்டா என்னங்க, தமிழு வெளங்கவா போகுது? எங்களுக்கும் இப்புடி ஒரு பென்சில் கெடைச்சிருந்தா, கொட்டகையில பத்து றாத்தல் பாலு இருவது றாத்தலா ஆயிருக்குமே!”

மார்கழி முதல் வாரம் துரைசாணி வாய் நிறையச் சிரிப்போடு வந்தாள். பள்ளத்தாக்கிலுள்ள தோட்டத் துரைமாரின் கிளப்பில், தை மாதக் கடைசியில் பெண்களுக்கான வெள்ளிக் கிண்ணப் போட்டி. ஆட்டக்காரரின் திறமையைப் பார்த்து, திறமை குறைந்தவர்களுக்கு அதிக அடிகளையும் கூடியவர்களுக்குக் குறைந்த அடிகளையும் கழித்து விடுவார்கள். அதற்காக மூன்று நாள் ஆட்டத்தின் அடிக்கணக்குக் கார்டுகளை முன்கூட்டி அனுப்ப வேண்டும்.

“அறுபத்திரண்டு, அறுபத்தொன்று, அறுபது. அனுப்பிவிட்டேன்,” என்றாள் துரைசாணி.

அந்த மூன்று கார்டுகளின் அடியிலும் எண்ணியவர் என்ற இடத்தில் சிவனேஸ்வரியின் கையெழுத்து இருந்தது. போட்டியன்று வேறொரு துரைசாணி எண்ணுவாள். எழுபத்துநான்கு என்று சொல்லுவாள். பிறகு எல்லாரும் அந்தக் கையெழுத்தைப் பார்ப்பார்கள்.

அன்று மத்தியானம் அவர் சோறு தொடவில்லை.

“இஞ்சரும், என்ன முகம் வெளிறிக் கிடக்கு? காய்ச்சலோ?” என்று கேட்டார் பரராசசிங்கம்.

சிவனேஸ்வரி முழுவதையும் சொன்னார். மனிதர் கையிலெடுத்த கவளத்தை அப்படியே வைத்துவிட்டார்.

“பதினாலு அடியே விட்டுக் குடுத்தனீர்? ஒண்டு ரெண்டில்லை, பதினாலு!”

“ஒவ்வொண்டாய்த்தான் விட்டனான். கூட்டிப் பாக்கேல்லை.”

“துரைக்குத் தெரிஞ்சால் என்ன நினைப்பார்? பெண்சாதி இப்பிடியெண்டால் புருசன் மருந்தை எப்பிடிக் கலக்கிறானோ எண்டு நினைப்பார். போச்சு. எல்லாம் போச்சு.”

அது சிவனேஸ்வரிக்குத் தோன்றாத பயம். இப்போது அதுவும் சேர்ந்துகொண்டது.

உண்மையைச் சொல்லத் துணிவில்லை. பொய்யைத் தொடரவும் வழியில்லை. மிச்சமிருந்தது ஒரே வழி: துரைசாணி ஏழு வாரத்துக்குள் உண்மையாகவே அறுபது அடிக்க வேண்டும்.

மறுநாள் முதல் அவர் இரண்டு விதமாக எழுதினார். கார்டில் வழக்கமான பொய். மருந்துப் போத்தலில் ஒட்டும் லேபிள்களின் பின்புறத்தில் உண்மை. எத்தனை அடி என்று மட்டுமல்ல, எந்த அடி எங்கே விழுந்தது என்றும் எழுதினார். ஒரு வாரத்துக்குப் பிறகு அவற்றை மேசையில் பரப்பிப் பார்த்தபோது அவருக்கே ஆச்சரியம். எழுபத்துநான்கில், தூரம் போக ஓங்கி அடித்தவை இருபத்திரண்டுதான். குழிக்குக் கிட்ட வந்தபின் தட்டியும் தடவியும் போனவை பத்தொன்பது. குழியைச் சுற்றி ஒட்ட வெட்டிய புல்தரையில், இரண்டு மூன்று முழத்துக்குள்ளேயே உருட்டி உருட்டி வீணாக்கியவை முப்பத்து மூன்று.

ஆனால் துரைசாணி தினமும் ஒரு மணி நேரம் பழகுவது ஓங்கி அடிப்பதை மட்டும்தான். பந்து உயரப் பறப்பதைப் பார்க்க அவளுக்கு ஆசை.

“புதுசா வெட்ட வாறவள மொதல்ல நல்ல மரத்துல விட மாட்டாங்கம்மா,” என்றாள் செவனம்மா. “தறிக்கப் போற கெழட்டு மரத்துல ஒரு மாசம் பட்டய சீவ விடுவாங்க. ஒரே ஆழம், ஒரே சாய்வு. கை அடங்கினாத்தான் கத்தி. இந்தம்மாவுக்குக் கை அடங்கல. வானத்துக்கு அடிச்சா அடங்குமா?”

“அதை ஆர் அவவுக்குச் சொல்லுறது?”

“நீங்கதான்.”

“ஐயோ, நான் மாட்டன்.”

“அப்ப நான் செய்யுறேன். நீங்க பேசாம இருங்க.”

அடுத்த நாள் பந்துப் பையில் நான்கு பந்துகள்தான் இருந்தன. மற்றவை புல்லுக்குள் தொலைந்துவிட்டன என்று செவனம்மா கையை விரித்தாள். உண்மையில் அவை அவளுடைய லயத்து வீட்டு அடுப்படியில், பழைய பால் வாளிக்குள் இருந்தன. கொழும்பிலிருந்து புதிய பந்துகள் வர மூன்று வாரமாகும். ஓங்கி அடித்தால் இருக்கும் நான்கும் போய்விடும்.

துரைசாணி கண்களைச் சுருக்கிச் செவனம்மாவைப் பார்த்தாள். சிவனேஸ்வரி பயத்தில்தான் வாயைத் திறந்தார்.

“உங்கள் கோல்ஃப் புத்தகத்தில் ஒரு பயிற்சி போட்டிருக்கிறது, மேடம். குழியைச் சுற்றி நான்கு பக்கமும் ஒரு முழத்தில் ஒவ்வொரு பந்து. நான்கும் வரிசையாக விழும்வரை வீட்டுக்குப் போகக்கூடாது. ஒன்று தவறினாலும் முதலிலிருந்து.”

பங்களா விறாந்தையில் கிடந்த அந்தப் புத்தகத்தை அவர் உண்மையாகவே படித்திருந்தார். அதில் இரண்டு பந்துகள்தான் சொல்லியிருந்தது.

முதல் நாள் நான்கும் வரிசையாக விழ ஒன்றரை மணி நேரம் ஆனது. துரைசாணி இரண்டு தடவை கோலை எறிந்தாள். ஒவ்வொரு எறிதலுக்கும் சிவனேஸ்வரி கண்ணை மூடிக்கொண்டார். ஒரு வாரத்தில் அது அரை மணி நேரமாகியது. பின்னர் தூரத்தை இரண்டு முழமாக்கினார்கள். மானாப்புல்லில் பந்து புகுந்தால் குழியைப் பார்த்து வெட்டாமல், பக்கவாட்டில் வெளியே தட்டிவிட்டு அடுத்த அடியை அடிக்க வேண்டும் என்பதையும் “புத்தகத்தில் இருக்கிறது” என்றே சொன்னார்.

லேபிள்களில் எண் மெல்ல இறங்கியது. எழுபத்திரண்டு, எழுபத்தொன்று, எழுபது. கார்டில் அறுபது, அறுபது, மறுபடியும் அறுபது.

“இவ்வளவு பழகுகிறேன், ஓர் அடிகூடக் குறையவில்லையே?” என்று துரைசாணி சலித்துக்கொண்டாள். சிவனேஸ்வரி பென்சிலைக் கூர் சீவினார்.

போட்டிக்கு முதல் நாள் உண்மையான தொகை அறுபத்தெட்டு. இன்னும் எட்டு மிச்சம். நாள் மிச்சமில்லை.

துரைசாணி தன் சிறிய காரில் சிவனேஸ்வரியையும் ஏற்றிக்கொண்டு போனாள். கிளப்பில் அவருக்கு உள்ளே இடமில்லை. பின்பக்கத்தில் ஆயாமாரோடு ஒரு மர வாங்கில், முந்தானையின் நுனியைத் திருகியபடி மூன்று மணி நேரம் இருந்தார். உள்ளே கைதட்டல் கேட்டது. பிறகு கதிரைகள் நகரும் சத்தம். துரைசாணி தனியாக வந்தாள். கார் கதவை அடித்துச் சாத்தினாள்.

மூன்று மைல் தூரம் அவள் எந்த வளைவிலும் வேகம் குறைக்கவில்லை. சிவனேஸ்வரி கதவைப் பிடித்துக்கொண்டு, கையெழுத்தைப் பற்றிய கேள்விக்காகக் காத்திருந்தார்.

“அறுபத்தேழு,” என்றாள் துரைசாணி. “பன்னிரண்டு பேரில் பதினோராவது. வீட்டில் அறுபது. நாலு பேர் பார்த்தால் அறுபத்தேழு. என் கணவர் சொன்னது சரி. நான் கோழை. பயத்தில் கை நடுங்கியிருக்கிறது. இனி இந்தக் கோலைத் தொடமாட்டேன்.”

சிவனேஸ்வரி தப்பிவிட்டார். யாரும் சந்தேகப்படவில்லை. துரைசாணி தன்னைத்தானே குற்றம் சொல்லிக்கொண்டாள். இனிப் பேசாமல் இருந்தால் போதும். பிள்ளைகள், வேலை, வீடு எல்லாம் பத்திரம்.

ஆனால் பயத்தில் கை நடுங்குவது எப்படி இருக்கும் என்று அவருக்குத் தெரியும். இந்தப் பெண்ணுக்கு அப்படி நடுங்கவில்லை என்பதும் தெரியும். நேற்று அறுபத்தெட்டு. இன்று, முன்பின் தெரியாத திடலில், அத்தனை பேர் பார்க்க, அறுபத்தேழு. அவர் எண்ணத் தொடங்கியதிலிருந்து அவள் அடித்ததிலேயே குறைவு இதுதான். அது உலகத்தில் சிவனேஸ்வரி ஒருவருக்குத்தான் தெரியும், பென்சிலைப் பார்த்திருந்த செவனம்மாவைத் தவிர.

“மேடம், காரை நிறுத்துங்கள்.”

“வாந்தியா?”

“இல்லை. நிறுத்துங்கள்.”

ஒரு சிங்களவரின் தேங்காய்க் கடையருகே கார் நின்றது. சிவனேஸ்வரி நூலால் கட்டிய லேபிள் கட்டைக் கைப்பையிலிருந்து எடுத்து நீட்டினார். கை அப்படி ஆடியதில் இரண்டு லேபிள்கள் கீழே விழுந்தன. சொல்ல நினைத்த இங்கிலீஷ் எல்லாம் மறந்துபோயிற்று. “நான் பொய் எழுதினேன். எனக்குப் பயம். இதுதான் உண்மை,” என்ற மூன்று வசனங்கள்தான் வந்தன.

துரைசாணி ஒவ்வொரு லேபிளாகத் திருப்பிப் பார்த்தாள். ஒரு பக்கத்தில் ‘வெளிப்பூச்சுக்கு மட்டும்’, மறு பக்கத்தில் எழுபத்துநான்கு. ‘நாளுக்கு மூன்று வேளை’, மறு பக்கத்தில் எழுபத்தொன்று. கடைசியில் அறுபத்தெட்டு. நெடுநேரம் பார்த்தாள். கடைக்காரர் எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போனார்.

“அந்த மூன்று கார்டுகளும் பொய். அதை நான் கிளப்புக்கு எழுதித்தான் ஆகவேண்டும்.”

“ஆம், மேடம்.”

“உங்கள் பெயரையும் எழுத வேண்டும்.”

“ஆம், மேடம்.”

“என்னை இத்தனை மாதம் முட்டாளாக்கினீர்கள்.”

சிவனேஸ்வரி குனிந்து, கீழே விழுந்த இரண்டு லேபிள்களையும் எடுத்துக் கொடுத்தார். துரைசாணி லேபிள்களைத் திரும்பவும் நூலால் கட்டினாள். கட்டிக்கொண்டே மெதுவாக, தனக்குத்தானே போல, “அறுபத்தேழு,” என்றாள். இந்தத் தடவை அந்தச் சொல் வேறு விதமாக ஒலித்தது.

பிறகு கேட்டாள்:

“மிசஸ் சிங்கம், ஆஸ்பத்திரியில் மருந்தை அளப்பது யார்? நீங்களா, உங்கள் கணவரா?”

“அவர்தான், மேடம். அவர் மட்டும்தான். நான் அந்தத் தராசைத் தொட்டதே இல்லை.”

“நல்லது,” என்று சொல்லித் துரைசாணி காரைக் கிளப்பினாள். “துரை கொழும்புக்கு எழுதுமுன் அவரிடம் அப்படியே சொல்கிறேன். திங்கட்கிழமை மூன்று மணிக்கு வாருங்கள். எண்ணும்போது ஆற்றுக்கு அந்தப் பக்கம் நிற்கிறவனுக்கும் கேட்க வேண்டும்.”

அடுத்த வளைவு வந்தது. சிவனேஸ்வரி மறுபடியும் கதவைப் பிடித்துக்கொண்டார்.